ஒளிக்கு வழி திறந்தவர்

நெகிரி செம்பிலானின் தோட்டப்புறங்களில் ஒரு காலத்தில் வெளிச்சம் அரிய பொருளாக இருந்தது. பால்வெட்டச் செல்பவர்கள் பொழுது புலரும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தார்கள். லயத்து வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. மின்சாரம் வந்த பிறகும் பல தோட்டங்களில் நிருவாகத்தின் மின்னாக்கி ஓடும் சில மணி நேரத்திற்கு மட்டுமே அது கிடைத்தது. மின்னாக்கி நின்றதும் லயம் முழுவதும் இருளில் மூழ்கும். பாடம் படிக்கும் பிள்ளைகள் மீண்டும் மண்ணெண்ணெய் விளக்கைத் தேடுவார்கள்.

இன்று அக்காட்சி மாறி வருகிறது. நீலாய் நகருக்கு அருகிலுள்ள பாஜாமில், மூடப்பட்ட குப்பைமேட்டின் மீது 2012ஆம் ஆண்டில் சூரிய மின்பூங்கா ஒன்று செயல்படத் தொடங்கியது. வீட்டுக் கூரைகளிலும் சாலையோர விளக்குக் கம்பங்களிலும் சூரியத் தகடுகளைக் காண முடிகிறது. அவற்றை உற்றுப் பார்த்தால் ஒரு வேறுபாடு புலப்படும. உச்சி வெயிலில் சன்னல் கண்ணாடியும் தகரக் கூரையும் கண்ணைக் கூச வைக்கின்றன. சூரியத் தகடோ கருநீல நிறத்தில் அமைதியாகக் கிடக்கிறது. தன்மீது விழும் ஒளியில் பெரும்பகுதியை அது திருப்பி அனுப்புவதில்லை, உள்ளே வாங்கிக்கொள்கிறது.

அந்தக் கருநீல நிறத்திற்குக் காரணம், தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே உள்ள ஒரு படலம். இத்தகைய படலத்தைத் திட்டமிட்டு, அளந்து, அடுக்கடுக்காகக் கட்டிக் காட்டியவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. தண்ணீரையும் கொழுப்பையும் வைத்துக்கொண்டு, ஒளியின் போக்கையே மாற்றியவர் அவர். அவர் பெயர் கேத்தரின் பர் பிளாட்ஜெட்.

கேத்தரின் 1898ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஸ்கெனெக்டடி என்னும் நகரில் பிறந்தார். அவர் தந்தை ஜார்ஜ் பிளாட்ஜெட், அந்நகரில் இருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் காப்புரிமைத் துறையின் தலைவராகப் பணியாற்றியவர். தம் மகளின் முகத்தைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. கேத்தரின் பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, இரவில் வீடு புகுந்த திருடன் ஒருவனால் சுடப்பட்டு அவர் உயிரிழந்தார்.

கணவரை இழந்த தாய் மனம் தளர்ந்து மூலையில் முடங்கிவிடவில்லை. மகனையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு நியூயார்க் நகருக்குச் சென்றார். பின்னர்ப் பிள்ளைகள் பிற மொழிகளையும் கற்க வேண்டும் என்பதற்காக, 1901ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டிற்குக் குடிபெயர்ந்தார். இவ்வாறு பல ஊர்களிலும் பல மொழிகளிலும் வளர்ந்த கேத்தரின், நாடு திரும்பிய பின் நியூயார்க்கில் பள்ளிப் படிப்பை முடித்தார். பெண்களுக்கு உயர்கல்வி எளிதில் கிட்டாத காலம் அது. ஆயினும் தம் பதினைந்தாம் வயதிலேயே உபகாரச் சம்பளம் பெற்று, பிரின் மார் மகளிர் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கணிதமும் இயற்பியலும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன.

கல்லூரியின் இறுதியாண்டில் அவர் தம் தந்தை பணியாற்றிய நிறுவனத்தைப் பார்க்கச் சென்றார். தந்தையின் பழைய நண்பர்கள் அவரை அன்போடு வரவேற்றார்கள். அந்நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தைச் சுற்றிக் காட்டியவர் இர்விங் லேங்முயர் என்னும் அறிவியலறிஞர். மின்விளக்கின் குமிழுக்குள் வாயுவை நிரப்பி, அதன் ஒளியையும் ஆயுளையும் பெருக்கியவர் அவர். கேத்தரினின் ஆர்வத்தைக் கண்ட லேங்முயர், அவர் மேற்படிப்பை முடித்து வந்தால் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைக்கும் என்று நம்பிக்கையூட்டினார். தந்தையின் முகத்தை அறியாத அந்தப் பெண்ணுக்கு, தந்தை உழைத்த இடமே வாழ்வின் இலக்காயிற்று.

1917ஆம் ஆண்டில் கேத்தரின் பட்டம் பெற்றார். அதே ஆண்டில்தான் மலாயாவில், சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில், வணிக நோக்குடன் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்டது. கடல் கடந்த இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் அன்று எந்தத் தொடர்பும் இல்லை. எனினும் செம்பனைக் கனியின் எண்ணெயில் உள்ள ஒரு கொழுப்பு அமிலம், பின்னாளில் கேத்தரினின் ஆய்வில் முதன்மை இடம் பெறவிருந்தது.

அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. போர்க்களத்தில் நச்சு வாயுவைச் சுவாசித்து வீரர்கள் மாண்டனர். வாயுவைத் தடுக்கும் முகமூடிகளில் கரி நிரப்பப்பட்டது. தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு எடுத்த கரி அதற்கு மிகவும் ஏற்றதாக இருந்தது. கரியின் மேற்பரப்பு எவ்வாறு வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதைச் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் கேத்தரின் ஆராய்ந்து, 1918ஆம் ஆண்டில் முதுகலைப் பட்டம் பெற்றார். பொருளின் உள்ளே நடப்பதைவிட அதன் மேற்பரப்பில் நடப்பது சில வேளைகளில் முக்கியமானது என்னும் பாடத்தை அந்த ஆய்வு அவருக்குக் கற்பித்தது. வாழ்நாள் முழுவதும் அவர் கற்றதும் கண்டறிந்ததும் மேற்பரப்பைப் பற்றியே.

அதே ஆண்டில், இருபது வயதில், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் அவர் பணியில் அமர்ந்தார். அக்கூடத்தில் அறிவியலாளராகச் சேர்ந்த முதல் பெண் அவரே. லேங்முயரின் உதவியாளராக, மின்விளக்குகளுக்குள் மின்னோட்டம் பாயும் விதத்தை ஆராய்ந்தார். ஆறு ஆண்டுகள் உழைத்த பிறகு, மேலும் உயர வேண்டுமானால் முனைவர் பட்டம் தேவை என்பதை உணர்ந்தார். லேங்முயரின் பரிந்துரையால் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. புகழ்பெற்ற கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில், அணுவின் அமைப்பை ஆராய்ந்த ரதர்போர்டின் கீழ் அவர் பயின்றார்.

1926ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜில் இயற்பியல் துறையில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் என்னும் பெருமையைக் கேத்தரின் அடைந்தார். அப்பல்கலைக்கழகம் பெண்களை ஆண்களுக்கு இணையான முழு உறுப்பினர்களாக ஏற்றுக்கொண்டது 1948ஆம் ஆண்டில்தான். இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பே அவர் பெற்ற வெற்றி எவ்வளவு அரியது என்பதை இதிலிருந்து உணரலாம்.

பட்டத்தோடு ஊர் திரும்பிய கேத்தரின், மீண்டும் லேங்முயரோடு இணைந்தார். லேங்முயர் அப்போது தண்ணீரின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலங்களை ஆராய்ந்து வந்தார். ஒரு துளி எண்ணெயை அகன்ற நீர்ப்பரப்பில் விட்டால் அது பரவிக்கொண்டே போகும். இறுதியில், ஒரு மூலக்கூறின் உயரமே அதன் கனமாகிவிடும். அதற்கு மேல் அது மெலிய முடியாது. இத்தகைய ஓரடுக்குப் படலத்தில் மூலக்கூறுகள் தாறுமாறாகக் கிடப்பதில்லை. ஒவ்வொன்றும் நீரை விரும்பும் தலையை நீரில் ஊன்றி, நீரை வெறுக்கும் வாலை மேலே நீட்டி, நாற்றங்காலில் நட்ட கன்றுகளைப் போல வரிசையாக நிற்கின்றன. மேற்பரப்பு வேதியியலில் செய்த இத்தகைய ஆய்வுகளுக்காக லேங்முயருக்கு 1932ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

தண்ணீரின் மேல் ஓரடுக்குப் படலத்தை உண்டாக்க முடியும். ஆனால் அதைக் கையில் எடுக்க முடியாது. தொட்டால் கலைந்துவிடும். அப்படியிருக்க, அதனால் பயன் என்ன? இந்தக் கேள்வியைக் கேத்தரின் தம் கையில் எடுத்துக்கொண்டார்.

அவர் பயன்படுத்திய கொழுப்பு அமிலங்களுள் ஒன்று ஸ்டியரிக் அமிலம். மெழுகுவர்த்தியும் சவர்க்காரமும் செய்யப் பயன்படும் எளிய பொருள் அது. செம்பனை எண்ணெயில் அது சிறிதளவு இருக்கிறது. இரப்பர்ப் பொருள்களைச் செய்யும் தொழிற்சாலைகளிலும் அதைச் சேர்க்கிறார்கள். பேரிய உப்பைச் சிறிதளவு கலந்த நீர்த்தொட்டியில் இவ்வமிலத்தைப் பரப்பினார் கேத்தரின். படலம் தளராமல் இருக்க ஒருபுறமிருந்து மெல்ல அழுத்தம் கொடுத்தார். பிறகு தூய்மையான கண்ணாடித் தகடு ஒன்றை நீருக்குள் இறக்கி, நிதானமாக மேலே தூக்கினார். மிதந்த படலம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. மீண்டும் இறக்கித் தூக்கியபோது முதல் அடுக்கின் மேல் அடுத்த அடுக்கு படிந்தது. தகட்டை எத்தனை முறை நீருக்குள் செலுத்தினாலும், ஒவ்வொரு முறையும் சரியாக ஒரே அளவில் அடுக்குகள் கூடின.

ஓர் அடுக்கின் கனம் ஏறத்தாழ 2.4 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் உயரத்தை எட்ட வேண்டுமானால் சுமார் நான்கு இலட்சம் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். அவ்வளவு நுண்ணிய பொருளை, பெரிய இயந்திரம் ஏதுமின்றி, ஒரு நீர்த்தொட்டியையும் பொறுமையையும் கொண்டு அவர் விரும்பிய கனத்தில் கட்டினார். வேகமாகத் தூக்கினால் படலம் கிழியும். தூசு விழுந்தால் அடுக்குக் குலையும். கண்ணும் கருத்துமாக உழைக்கும் கைக்கு மட்டுமே அந்த வேலை வசப்படும்.

அடுக்குகள் கூடக் கூட, கண்ணாடியின் நிறம் மாறுவதைக் கேத்தரின் கவனித்தார். மழை விட்ட பிறகு தோட்டத்துச் செம்மண் சாலையில் தேங்கிய நீரில், மோட்டார் சைக்கிளிலிருந்து சிந்திய எண்ணெய் வானவில்லாய் விரிவதைப் பலரும் பார்த்திருக்கலாம். எண்ணெய்க்கு அந்த நிறங்கள் சொந்தமில்லை. படலத்தின் கனமே நிறமாகத் தோன்றுகிறது. இந்த உண்மையைக் கேத்தரின் ஓர் அளவுகோலாக மாற்றினார். வெவ்வேறு எண்ணிக்கையில் அடுக்குகள் படிந்த படிகளைக் கொண்ட ஒரு கண்ணாடிப் பட்டையைச் செய்தார். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு நிறம் காட்டும். கனம் தெரியாத ஒரு படலத்தின் நிறத்தை அப்பட்டையோடு ஒப்பிட்டால், அதன் கனத்தை ஓர் அங்குலத்தில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு வரை துல்லியமாகச் சொல்லிவிடலாம்.

நிறத்தை உண்டாக்கும் அதே விதி, எதிரொளிப்பை அழிக்கவும் வல்லது என்பதை அவர் அறிந்திருந்தார். போர்ட்டிக்சன் கடற்கரையில் இரண்டு அலைகள் சந்திக்கும்போது, ஒன்றின் முகடு மற்றொன்றின் முகட்டோடு சேர்ந்தால் அலை உயரும். ஒன்றின் முகடு மற்றொன்றின் பள்ளத்தோடு சேர்ந்தால் நீர் சமமாகிவிடும். ஒளியும் அலையே. கண்ணாடியின் மேல் ஒரு படலம் இருந்தால் ஒளி இரண்டு இடங்களில் எதிரொளிக்கும். ஒரு பகுதி படலத்தின் மேல்முகத்தில் பட்டுத் திரும்பும். மற்றொரு பகுதி படலத்தைக் கடந்து கண்ணாடியைத் தொட்டுத் திரும்பும். படலத்தின் கனம் ஒளி அலைநீளத்தில் கால் பங்காக இருந்தால், இரண்டாவது அலை அரை அலைநீளம் பின்தங்கிவிடும். முகடும் பள்ளமும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதனால் ஒளி வீணாவதில்லை. திரும்பிப் போக வழியில்லாத ஒளி கண்ணாடிக்குள்ளேயே சென்றுவிடும்.

கேத்தரினுக்கு முன்பே சிலர் இவ்வழியில் அடியெடுத்து வைத்திருந்தனர். நாள்பட்டு மங்கிய கண்ணாடி புதிய கண்ணாடியைவிட அதிக ஒளியைக் கடத்துவதை 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் ரேலி பிரபு கண்டிருந்தார். ஜெர்மனியில் 1935ஆம் ஆண்டில் ஸ்மக்குலா என்னும் அறிஞர் கண்ணாடி வில்லைகளுக்குப் பூச்சு இடும் முறையைக் கண்டார். அது போர்க்கால இரகசியமாக மறைக்கப்பட்டது. கேத்தரினின் வழி இவர்களுடையதிலிருந்து வேறானது. ஒவ்வோர் அடுக்காக எண்ணி எண்ணிக் கட்டும் ஆற்றல் அவரிடம் இருந்தது.

ஆயினும் ஒரு தடை குறுக்கே நின்றது. இரண்டு அலைகளும் ஒன்றையொன்று முழுமையாக அழிக்க வேண்டுமானால், அவை சம வலிமையோடு இருக்க வேண்டும். அதற்குப் படலத்தின் ஒளிவிலகல் எண் காற்றுக்கும் கண்ணாடிக்கும் இடைப்பட்டதாக அமைய வேண்டும். காற்றின் எண் 1. கண்ணாடியின் எண் சுமார் 1.5. எனவே படலத்திற்கு ஏறத்தாழ 1.22 தேவை. கொழுப்புப் படலத்தின் எண்ணோ கண்ணாடியின் எண்ணை நெருங்கி இருந்தது. அவ்வளவு குறைந்த எண்ணுடைய திடப்பொருளைத் தேடுவது குதிரைக் கொம்பாக இருந்தது.

இல்லாத பொருளைத் தேடி அலைவதை விட்டுவிட்டு, இருக்கும் படலத்தையே மாற்ற முற்பட்டார் கேத்தரின். கொழுப்பு அமிலமும் அதன் உப்பும் கலந்த படலத்தை முதலில் கட்டினார். பிறகு அதைப் பென்சீன் என்னும் கரைப்பானில் நனைத்தார். அமிலம் கரைந்து வெளியேறியது. உப்பு மட்டும் கூடாக நின்றது. அமிலம் இருந்த இடங்களில் காற்று நிரம்பியது. கடற்பஞ்சு போல நுண்துளைகள் நிறைந்த அந்தப் படலத்தின் ஒளிவிலகல் எண் குறைந்து, வேண்டிய அளவை எட்டியது. 44 அடுக்குகள் கொண்ட, ஏறத்தாழ 100 நானோமீட்டர் கனமுள்ள படலம் அவர் தேடிய பலனைத் தந்தது.

சாதாரணக் கண்ணாடி தன் இரு பக்கங்களிலும் சேர்த்துச் சுமார் 8 விழுக்காட்டு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். கேத்தரினின் கண்ணாடி தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 99 விழுக்காட்டைக் கடத்தியது. முன்னால் நிற்பவரின் உருவம் அதில் தெரியவில்லை. கண்ணாடி ஒன்று இருப்பதே கண்ணுக்குப் புலப்படவில்லை. 1938ஆம் ஆண்டு டிசம்பரில் இச்செய்தி வெளியானபோது நாளேடுகள் அதை வியந்து எழுதின.

மகிழ்ச்சி முழுமையாக நிலைக்கவில்லை. சில நாள்களுக்குள், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர் இருவரும் எதிரொளிக்காத கண்ணாடியைச் செய்துவிட்டதாக அறிவித்தனர். அவர்கள் ஃபுளோரைடு உப்பை வெற்றிடத்தில் ஆவியாக்கிக் கண்ணாடியில் படிய வைத்தார்கள். அந்தப் பூச்சு உறுதியானது. கேத்தரினின் படலமோ மென்மையானது. விரலால் துடைத்தாலே அழிந்துவிடும். ஆகவே, படக்கருவிகளும் தொலைநோக்கிகளும் செய்வோர் உறுதியான பூச்சு முறையையே பின்பற்றினர். பல்லாண்டு உழைத்துக் கட்டிய படலம் கடைக்கு வரவே இல்லை.

இது தோல்வியா? பொருளை மட்டும் பார்த்தால் தோல்விதான். ஆனால் கேத்தரின் உலகிற்குத் தந்தது ஒரு பொருளை மட்டுமன்று. ஒரு பரப்பின் மேல் எவ்வளவு மெல்லிய படலம் இருக்க வேண்டும், அதன் தன்மை என்னவாக இருக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டு, அந்தக் கணக்கின்படியே கட்டி முடிக்கலாம் என்பதை அவர் மெய்ப்பித்தார். படலத்திற்குள் காற்றைப் புகுத்தி அதன் ஒளிவிலகல் எண்ணைக் குறைக்கும் உத்தி, இன்றும் சூரியத் தகடுகளின் மேற்புறக் கண்ணாடிக்குப் பூசப்படும் நுண்துளைப் பூச்சுகளில் கையாளப்படுகிறது.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது கேத்தரின் நாட்டுக்காக உழைத்தார். எண்ணெயை நுண்ணிய துளிகளாக்கிப் படைவீரர்களை எதிரியின் கண்ணிலிருந்து மறைக்கும் புகைத்திரையை உருவாக்கும் பணியிலும், வானூர்தியின் இறக்கைகளில் பனிக்கட்டி உறைவதைத் தடுக்கும் ஆய்விலும் பங்கேற்றார். போர் முடிந்த பின் மீண்டும் தம் படலங்களிடம் திரும்பினார்.

போருக்குப் பின் வேறொரு கதவு திறந்தது. 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சாப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவரும் சிலிக்கனால் ஆன சூரிய மின்கலத்தை அறிமுகப்படுத்தினர். விழுந்த சூரிய ஆற்றலில் சுமார் 6 விழுக்காட்டை அது மின்சாரமாக மாற்றியது. சிலிக்கன் மின்கலத்திற்கு இயல்பாகவே இரண்டு குறைகள் உண்டு. அவ்விரண்டும் மேற்பரப்பில்தான் இருந்தன.

முதற்குறை, பளபளப்பு. மெருகேற்றிய சிலிக்கன், கண்ணாடியைவிடப் பன்மடங்கு அதிகமாக ஒளியைத் திருப்பி அனுப்பும். பூச்சு இல்லாத சிலிக்கனில் விழும் ஒளியில் 30 விழுக்காட்டுக்கும் மேல் உள்ளே நுழையாமலேயே வீணாகிறது. இதற்கு மருந்து, கால் அலைநீளக் கணக்கே. சிலிக்கனின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 4. எனவே அதன் மேல் பூசும் படலத்திற்கு 2 வேண்டும். சிலிக்கன் நைட்ரைடு என்னும் பொருள் இதற்குப் பொருந்துகிறது. 600 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை எடுத்துக்கொண்டால், அதை 4ஆலும் பிறகு 2ஆலும் வகுக்க, கனம் 75 நானோமீட்டர் என்று வரும். இன்றைய சூரிய மின்கலங்களின் பூச்சு இந்த அளவை ஒட்டியே அமைகிறது. இப்படலம் மஞ்சள், சிவப்பு நிற ஒளியை நன்கு உள்ளே விடுகிறது. நீல ஒளியில் சிறிதளவைத் திருப்பி விடுகிறது. தகடு கருநீலமாகத் தோன்றும் இரகசியம் இதுவே.

இரண்டாவது குறை கண்ணுக்குத் தெரியாதது. இதை விளங்கிக்கொள்ள இரப்பர் நிரையை நினைத்துக்கொள்ளலாம். மரத்தில் கோடு வெட்டியதும் பால் கசிந்து, கோட்டின் வழியே ஒழுகி, மங்கில் சேர்கிறது. கோடு சரியாக இல்லாவிட்டால் பால் பட்டையில் வழிந்து உறைந்துவிடும்; மங்கு நிறையாது. சிலிக்கனுக்குள் ஒளி நுழைந்ததும் எலெக்ட்ரான்கள் விடுபட்டு ஓடத் தொடங்குகின்றன. அவற்றைச் சேர்த்தால்தான் மின்சாரம். ஆனால் சிலிக்கனின் மேற்பரப்பில் உள்ள அணுக்களுக்கு ஒரு பக்கம் துணை இல்லை. பிடித்துக்கொள்ள ஆளில்லாத கை, போகிற எலெக்ட்ரானைப் பற்றிக்கொள்கிறது. மின்கலத்தின் மங்கில் சேர வேண்டியது மேற்பரப்பிலேயே உறைந்துவிடுகிறது.

இத்தகைய மேற்பரப்பை அமைதிப்படுத்தும் வழியைப் பெல் ஆய்வுக்கூடத்தில், எகிப்தில் பிறந்த முகமது அட்டால்லா என்னும் பொறியியலாளர் 1950களின் இறுதியில் காட்டினார். சிலிக்கனைச் சூடாக்கி, அதன்மேல் ஆக்சைடு படலத்தை வளர்த்தால் துணையற்ற அணுக்கள் பெரும்பாலும் அடங்கிவிடும் என்று அவர் கண்டார். இன்று பூசப்படும் சிலிக்கன் நைட்ரைடில் ஹைட்ரஜன் அணுக்கள் கலந்திருக்கின்றன. அவை துணையற்ற சிலிக்கன் அணுக்களோடு கைகோத்துக்கொள்கின்றன. ஒரே படலம் வெளியே ஒளிக்கு வழி திறக்கிறது. உள்ளே எலெக்ட்ரான்களுக்குக் காவல் நிற்கிறது. இவற்றோடு பிற முன்னேற்றங்களும் சேர்ந்ததால், இன்று விற்பனையில் உள்ள நல்ல சூரியத் தகடுகள் 20 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ஒளியாற்றலை மின்சாரமாக்குகின்றன.

கேத்தரின் சூரிய மின்கலம் எதையும் செய்தவர் அல்லர். ஆனால் ஒளியும் பொருளும் சந்திக்கும் அந்த மெல்லிய எல்லையை அளக்கவும் ஆளவும் கற்றுத் தந்த முன்னோடிகளுள் அவரும் ஒருவர். நீண்ட காலம் அவர் பெயர் லேங்முயரின் புகழுக்குப் பின்னால் இலைமறை காயாகவே இருந்தது. அதற்காக அவர் மனம் சோர்ந்து வேலையைக் கைவிடவில்லை. 30க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை எழுதினார். எட்டுக் காப்புரிமைகளைப் பெற்றார். அமெரிக்க வேதியியல் கழகம் 1951ஆம் ஆண்டில் அவருக்குக் கார்வன் பதக்கம் வழங்கியது. அவ்வாண்டில் ஸ்கெனெக்டடி நகர மக்கள் ஒரு நாளை அவர் பெயரால் கொண்டாடினார்கள். அவர் கண்ட முறையில் கட்டப்படும் படலங்கள் இன்றும் லேங்முயர் பிளாட்ஜெட் படலங்கள் என்றே அழைக்கப்படுகின்றன. ஆசிரியரின் பெயரோடு மாணவியின் பெயரும் இணைந்து நிற்கிறது.

ஆய்வுக்கூடத்திற்கு வெளியே அவர் எளிய வாழ்க்கை வாழ்ந்தார். தோட்ட வேலையில் விருப்பம் கொண்டிருந்தார். நகரத்து நாடகக் குழுவில் நடித்தார். தாம் பிறந்த வீட்டைக் காணும் தொலைவிலேயே தமக்கொரு வீடு அமைத்துக்கொண்டார். 1963ஆம் ஆண்டில் ஓய்வு பெற்று, 1979ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், 81ஆம் வயதில் காலமானார். 2007ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, மாலை மயங்கியதும் சாலையோர விளக்கு ஒன்று தானாக எரியத் தொடங்குகிறது. பகலெல்லாம் அதன் தகடு வெயிலைத் திருப்பி அனுப்பாமல் சேர்த்து வைத்திருந்தது. அந்த வெளிச்சத்தில் அமர்ந்து பாடம் படிக்கும் மாணவர், மின்னாக்கி நிற்கும் நேரத்தை எண்ணிக் கவலைப்பட வேண்டியதில்லை. தந்தையைக் காணாமலேயே பிறந்த ஒரு பெண், நீர்த்தொட்டியின் முன் அமர்ந்து, கண்ணுக்குத் தெரியாத அடுக்குகளை ஒவ்வொன்றாக எண்ணிய பொறுமையும் அந்த வெளிச்சத்தில் கலந்திருக்கிறது. அவர் கட்டிய படலம் விரல் பட்டு அழிந்தது. அவர் காட்டிய வழி அழியவில்லை.